ஆவிக்கு யார் சாட்சி? மூங்கில் குடலை குறித்துச் சில குறிப்புகள்

1

இட்லி எங்கிருந்து வந்தது என்று கேட்டால் இன்றைக்கு ஓரளவு வாசிப்பு உள்ளவர்கள் தயங்காமல் சொல்லும் பதில் ஒன்று உண்டு: இந்தோனேசியாவிலிருந்து வந்தது. நாளிதழ்களின் ஞாயிறு இணைப்புகள் இதை ஆண்டுக்கொரு முறையாவது எழுதிவிடுகின்றன. எதிர்ப்பக்கம் நிற்கிறவர்களும் குறைவில்லை. 'அடப் போங்கய்யா, நம்ம பாட்டன் முப்பாட்டன் காலத்துலேர்ந்து இருக்கறதை இன்னொருத்தன் குடுத்தான்னு சொல்றீங்களே' என்று கொதிக்கிறார்கள். இரண்டு தரப்பும் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன. பண்டம் யாருக்குச் சொந்தம் என்பது அந்தக் கேள்வி. பண்டத்தை வேகவைத்த கருவி எது, அதைச் செய்தவர் யார் என்ற கேள்வி இந்தச் சண்டையில் எழுவதே இல்லை. அதைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது.

மேற்சொன்ன பதிலின் மூலவர் கே.டி. அச்சயா. எண்ணெய், கொழுப்பு பற்றிய ஆய்வுகளில் பெயர் பெற்ற உணவு வேதியியலாளர். 1994இல் வெளிவந்த அவருடைய இந்திய உணவு வரலாற்று நூல் இத்துறையில் இன்றும் தவிர்க்க முடியாத ஒன்று. அவர் அடுக்கும் சான்றுகள் இவை. கி.பி. 920ஐ ஒட்டி எழுதப்பட்ட கன்னட வட்டாராதனெயில் 'இட்டலிகெ' வருகிறது. 1025இல் இரண்டாம் சாவுண்டராயனின் லோகோபகாரத்தில் அதன் செய்முறை வருகிறது. 1130ஐ ஒட்டி சாளுக்கிய அரசன் மூன்றாம் சோமேசுவரனின் மானசோல்லாசத்தில் 'இட்டரிகா' வருகிறது. இவை எல்லாம் உளுந்துப் பண்டங்கள். அரிசி சேர்ப்பது, மாவைப் புளிக்கவைப்பது, ஆவியில் வேகவைப்பது ஆகிய மூன்றும் இந்தப் பழைய குறிப்புகளில் இல்லை. ஆகவே இந்த மூன்றும் 800க்கும் 1200க்கும் இடைப்பட்ட காலத்தில் தென்கிழக்காசிய இந்து அரசர்களோடு வந்த சமையற்காரர்கள் வழியாக நுழைந்திருக்கலாம் என்பது அவர் ஊகம். இதை ஊகமாகத்தான் அவர் வைத்தார். அதைத் தீர்ப்பாக மாற்றியவர்கள் பின்னால் வந்தவர்கள்.

இந்த ஊகத்துக்கு முட்டுக் கொடுத்து நிற்கும் தூண் ஒன்று உண்டு. ஏழாம் நூற்றாண்டில் இந்தியாவைச் சுற்றிவந்த சீனத் துறவி யுவான் சுவாங், இங்கே ஆவிப் பாத்திரம் கிடையாது என்று எழுதிவைத்தார். அந்தத் தூணைத் தட்டிப் பார்க்கலாம்.

2

யுவான் சுவாங் 629இல் புறப்பட்டு 645இல் நாடு திரும்பினார். மறு ஆண்டு அவருடைய பயணநூல் முடிக்கப்பட்டது. அதன் இரண்டாம் பகுதியில் இந்தியாவைப் பற்றிய பொது வருணனை வருகிறது. நிலம், உடை, சாதி, கல்வி, தண்டனை, உணவு என்று தலைப்புத் தலைப்பாகச் சொல்லிக்கொண்டே போகிற இடத்தில், பாண்டங்களைப் பற்றிச் சில வரிகள். இந்த மக்களிடம் பானையும் சட்டியும் உண்டு, ஆனால் 'ஸெங்' என்பதை அறியமாட்டார்கள் என்கிறார். அவ்வளவுதான். காஞ்சி அடுக்களையைப் பார்த்து எழுதியதல்ல இது. வடக்கே நெடுங்காலம் வாழ்ந்த ஒருவர் ஒரு பெருநிலப்பரப்பு முழுவதையும் ஒரே வாக்கியத்தில் சுருக்கியது.

ஸெங் என்றால் என்ன? அடியில் ஓட்டைகள் போட்ட பாண்டம். கொதிநீர் உள்ள பானையின் மேல் அதை ஏற்றிவைத்துத் தானியத்தை ஆவியில் வேகவைப்பார்கள். சீனாவில் இதற்கு மிக நீண்ட வரலாறு உண்டு. சியான் நகரருகே உள்ள பான்போ புதிய கற்காலக் குடியிருப்பிலேயே மண்ணால் செய்த ஸெங் கிடைத்திருக்கிறது. 1976இல் அன்யாங்கில் தோண்டப்பட்ட அரசி ஃபூ ஹாவின் கல்லறையில், மூன்று பாண்டங்களை ஒரே பீடத்தில் ஏற்றிய வெண்கல ஆவியடுப்பு இருந்தது. அது சுமார் 3200 ஆண்டுப் பழமை. அங்கே சோறே ஆவியில் வெந்தது. அரிசியை அரைவேக்காடாகக் கொதிக்கவைத்து, கஞ்சியை வடித்து, பிறகு ஆவியில் ஏற்றும் வழக்கம் சீனாவின் பல பகுதிகளில் அண்மைக்காலம் வரை இருந்தது. அப்படிப்பட்ட ஊரிலிருந்து வந்தவர், சோறாக்க ஸெங் இல்லாததைக் கண்டு 'இவர்களுக்கு அது தெரியாது' என்று எழுதினார். சோற்றைக் கொதிநீரில் ஆக்குகிற நாட்டில் சோற்றுக்கான ஆவிப் பாண்டம் இல்லை என்பதுதான் அதன் பொருள். ஆவியே தெரியாது என்று அதை வாசித்தது பிற்காலம்.

ஸெங்கின் வாரிசுதான் இன்று சீனச் சமையலின் அடையாளமாக உலகம் சுற்றும் மூங்கில் கூடை. வளையமாக வளைத்த மூங்கில் பட்டை, அடியில் பிளாச்சுத் தட்டி, மேலே பின்னிய மூடி. ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்தாறு கூடைகளை அடுக்கலாம். கீழே ஓர் அடுப்பு, ஒரு வாணலி நீர் போதும். விறகு மிச்சம். இதில் கவனிக்க வேண்டியது மூடிதான். உலோக மூடியில் ஆவி குளிர்ந்து சொட்டுச் சொட்டாகப் பண்டத்தின்மேல் விழும். மூங்கில் மூடி ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு மிச்ச ஆவியைக் கண்கள் வழியே வெளியே விட்டுவிடும். ஒரு கிராம் நீராவி நீராகும்போது சுமார் 540 கலோரி வெப்பத்தை விட்டுச் செல்கிறது. பண்டத்தை வேகவைப்பது அந்த வெப்பம்தான். வெப்பத்தை வாங்கிக்கொண்டு நீரை வெளியேற்றுவதுதான் நல்ல ஆவிக்கருவியின் வேலை. அந்த வேலையைப் பின்னல் செய்கிறது.

இதிலிருந்து ஒரு சங்கடமும் வருகிறது. மண்ணும் வெண்கலமும் புதைகுழியில் தங்கும். மூங்கில் மக்கிவிடும். சீனாவில் ஆவிச் சமையல் மண்ணிலும் வெண்கலத்திலும் நடந்ததால் அதற்குத் தொல்லியல் சாட்சி கிடைத்தது. மூங்கிலிலும் ஓலையிலும் வைக்கோலிலும் நடந்திருந்தால்? அருங்காட்சியகக் கண்ணாடிக்குப் பின்னே வைக்க ஒன்றும் மிஞ்சாது. சான்று இல்லாமை என்பது இல்லாமைக்குச் சான்றாகாது என்பது பழைய பாடம். நம் உணவு வரலாறு அதை இன்னும் படிக்கவில்லை.

3

ஆவியில் வேகவைக்கத் தனிப் பாத்திரம் தேவையா? நம்ம வீட்டுப் பெண்களிடம் கேட்டால் சிரிப்பார்கள். 'பானை வாயில துணியக் கட்டி மேல ஊத்தி மூடினா வெந்துட்டுப் போவுது.' பானையில் கால்வாசி நீர் விட்டு வைக்கோலைத் திணித்து அதன்மேல் கொழுக்கட்டை வைப்பது இன்னொரு வழி. தென்மாவட்டங்களில் பனை ஓலையில் மாவைப் பொதிந்து அவிக்கும் ஓலைக் கொழுக்கட்டை உண்டு. துளுநாட்டில் பலா இலைகளை ஈர்க்கால் தைத்துக் கிண்ணமாக்கி அதில் மாவை ஊற்றி அவிக்கிறார்கள். நாஞ்சில் நாட்டிலும் கேரளத்திலும் கயிறு சுற்றிய மூங்கில் குழலில் புட்டு. அதே புட்டு மலேசியா, இந்தோனேசியத் தெருக்களில் மூங்கில் குழலில் வெந்து 'புத்து' என்ற பெயரில் விற்கிறது. ஆவி அங்கிருந்து இங்கே வந்தது என்று சொல்கிறவர்கள், இந்தப் பெயர் எந்தத் திசையில் போனது என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் நீத்துப்பெட்டி இருக்கிறது. பனை ஓலையால் கூம்பாகப் பின்னிய பெட்டி. அதில் மாவைப் போட்டுப் பானை வாயில் பொருத்திவிட்டால் பிட்டு அவிந்துவிடும். இடியாப்பத்துக்கும் அங்கே பின்னிய தட்டுகளே வழக்கம். சென்னையிலும் இடியாப்பம் விற்றவர்கள் மூங்கிலிலோ பிரம்பிலோ முடைந்த தட்டுகளை அடுக்கி அவித்தார்கள். அந்த இடத்தில் இன்றைக்குப் பிளாஸ்டிக்கும் எவர்சில்வரும் வந்துவிட்டன. சீனக் கூடைக்கும் நீத்துப்பெட்டிக்கும் வடிவம் வேறு, தத்துவம் ஒன்று. இரண்டும் பின்னல், இரண்டும் ஈரத்தை வாங்கும், இரண்டும் தேய்ந்தால் அடுப்பில் எரிந்து சாம்பலாகும். இவற்றில் எதையும் ஒரு வழிப்போக்கர் 'பாத்திரம்' என்று எண்ணியிருக்க மாட்டார்.

மொழியும் இங்கே ஒரு சாட்சி. 'அவித்தல்' என்ற வினை நீரில் வேகவைப்பதையும் ஆவியில் வேகவைப்பதையும் பிரிப்பதில்லை. நெல் அவிப்பது, பிட்டு அவிப்பது, கிழங்கு அவிப்பது எல்லாம் ஒரே சொல். 'புழுக்கல்' சங்கப் பாடல்களிலேயே வருகிறது. சிலப்பதிகாரத்தின் புகார் வீதியில் வரும் 'காழியர்' என்ற சொல்லுக்குப் பழைய உரை 'பிட்டு வாணிகர்' என்று பொருள் சொல்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டினர் எனப்படும் மாணிக்கவாசகர், பிட்டுக்கு மண் சுமந்த கதையைத் திருவாசகத்தில் குறிப்பிடுகிறார். பரஞ்சோதியின் திருவிளையாடற் புராணம் அதை விரித்துப் பாடியது.

அந்தக் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். வைகை உடைகிறது. வீட்டுக்கொரு ஆள் கரையடைக்க வர வேண்டும் என்று அரசாணை. வந்தி பிட்டு விற்றுப் பிழைக்கும் கிழவி, நாதியற்றவள். கூலியாளாக வருகிற சிவன் உதிர்ந்த பிட்டைக் கூலியாகக் கேட்கிறான். வேலை செய்யாமல் தூங்கியதற்காகப் பாண்டியனிடம் பிரம்படி வாங்குகிறான். பக்தி இதை அருளாக வாசித்தது. கட்டாய வேலைக்கு ஆளனுப்ப முடியாத ஒரு சிறு வியாபாரியின் நெருக்கடியாகவும் இதை வாசிக்க முடியும். மதுரையில் ஆவணி தோறும் பிட்டுத் திருவிழா நடக்கிறது. அரசு, வரி, கூலி, பட்டினி எல்லாவற்றுக்கும் நடுவே ஆவியில் அவித்த பண்டம் ஒன்று தெருவில் விலைக்குப் போயிருக்கிறது. விற்றவள் ஒரு பெண். அவள் பிட்டை எதில் அவித்தாள் என்று எந்தப் பிரதியும் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் கருதவில்லை.

லெவி-ஸ்ட்ராஸ் 1965இல் எழுதிய சமையல் முக்கோணக் கட்டுரையில், நெருப்பில் நேராகச் சுடுவதை இயற்கைக்குப் பக்கத்திலும் நீரில் வேகவைப்பதைப் பண்பாட்டின் பக்கத்திலும் வைத்தார். வேகவைக்க ஒரு பாண்டம் வேண்டும், பாண்டம் பண்பாட்டின் பொருள் என்பது அவருடைய வாதம். நல்லது. நம் ஆவிப் பண்டங்களை அங்கே கொண்டுபோய் வைத்தால் முக்கோணம் ஆட்டம் காண்கிறது. இட்லி மாவு முதலில் புளிக்கிறது, அதாவது அவருடைய கணக்கில் இயற்கை செய்யும் வேலை. பிறகு நெருப்புக்கும் பண்டத்துக்கும் நடுவே பானை, நீர், ஆவி, பின்னல், இலை என்று ஐந்து இடைப்பொருள்கள். அவற்றில் இலையும் மூங்கிலும் இயற்கையா பண்பாடா? மூங்கிலைப் பிளந்து, சீவி, வளைத்துப் பின்னிய உழைப்பைக் கணக்கில் எடுத்தால்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும். கட்டமைப்பு வரைபடத்தில் உழைப்புக்கு இடம் ஒதுக்கப்படவில்லை.

4

இனி பூந்தமல்லி சாலைக்கு வருவோம். சென்னையிலிருந்து மேற்கே பூந்தமல்லி, திருமழிசை, திருப்பெரும்புதூர் வழியாகக் காஞ்சிபுரம் போகும் பழைய வழி இது. இதன் மறுமுனையில், காஞ்சி வரதராசப் பெருமாள் கோயில் மடைப்பள்ளியில், தமிழகத்தின் மூங்கில் ஆவிக்கூடை இன்றும் அடுப்பேறுகிறது. குடலை இட்லி என்று பெயர். நீண்ட உருளையாக முடைந்த மூங்கில் குடலை. உள்ளே மந்தாரை இலையை வரிசையாகச் செருகி, மிளகும் சீரகமும் சுக்கும் பெருங்காயமும் சேர்த்த பச்சரிசி உளுந்து மாவை ஊற்றி, குடலைகளைப் பெரிய கொப்பரையில் நிறுத்தி மூடுகிறார்கள். சுமார் மூன்று மணிநேரம் வேகிறது. ஒரு இட்லி ஒன்று ஒன்றரைக் கிலோ எடை இருக்கும். வீட்டு இட்லி பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் வெந்துவிடும்போது இதற்கு ஏன் மூன்று மணிநேரம்? பருமன்தான் காரணம். மையம் வரை வெப்பம் மெல்லத்தான் போகும். அவ்வளவு நேரமும் ஆவி பக்கவாட்டுக் கண்கள் வழியாக நுழைந்துகொண்டே இருக்க வேண்டும். மூடிய உலோகக் குவளை அதற்கு ஒத்துவராது. குடலை ஒத்துவருகிறது. மிளகு, சீரகம், பெருங்காயம் என்ற அந்த வாசனைக் கூட்டு கன்னட, சாளுக்கியப் பிரதிகள் சொல்லும் பழைய பண்டத்தையும் நினைவூட்டுகிறது.

குடலை என்ற சொல் முதலில் பூக்கூடையைக் குறிப்பது. பூப்பறித்துக் கோயிலுக்குக் கொண்டுபோகிறவர் கையில் பூக்குடலை. பூந்தமல்லியில் பிறந்ததாகச் சொல்லப்படும் திருக்கச்சிநம்பி, அங்கே நந்தவனம் வைத்துக் காஞ்சி வரதருக்கு நாள்தோறும் பூக் கொண்டுபோனார் என்பது வைணவ மரபு. பதினோராம் நூற்றாண்டுக்காரர், பிராமணரல்லாதவர். அவர் உண்ட மிச்சத்தை உண்ண வேண்டும் என்று இராமானுசர் விரும்பினார். ஆனால் இராமானுசரின் மனைவியோ நம்பி உண்ட இடத்தை மெழுகித் துடைத்து, குளித்து, வேறு உணவு சமைத்தார் என்று குருபரம்பரைக் கதை சொல்கிறது. பூ வந்த குடலைக்குத் தீட்டில்லை. கொண்டுவந்தவர் உட்கார்ந்த தரைக்குத் தீட்டு.

அதே சாலையில் பூந்தமல்லிக்கு அடுத்துத் திருமழிசை. திருமழிசை ஆழ்வாரின் கதை இன்னும் நேரடியானது. முனிவர் குலத்தில் பிறந்து புதரடியில் கைவிடப்பட்ட குழந்தையை எடுத்து வளர்த்தவர்கள் பிரம்பறுக்கும் தொழிலாளியான திருவாளனும் அவர் மனைவி பங்கயச்செல்வியும். தான் நால்வருணத்தில் எதிலும் பிறந்தவனில்லை என்று ஆழ்வாரே பாடுகிறார். பெரும்புலியூரில் வேதம் ஓதிக்கொண்டிருந்த பிராமணர்கள் இவரைக் கண்டதும் ஓதுவதை நிறுத்தினார்கள். நிறுத்திய இடம் மறந்துபோயிற்று. ஆழ்வார் வாயால் சொல்லாமல் ஒரு கருநெல்லை எடுத்து நகத்தால் கீறிக்காட்டி இடத்தை நினைவூட்டினார். வேதத்தை உச்சரிக்கத் தடையுள்ளவன் நெல்லைக் கொண்டு பேசினான். ஆழ்வாரை ஆய்வாளர்கள் பலரும் ஏழாம் நூற்றாண்டில் வைக்கிறார்கள். யுவான் சுவாங் காஞ்சியை வருணிப்பதும் அதே நூற்றாண்டில்தான். துறவியின் ஏட்டில் பல்கலைக்கழகங்களும் மடங்களும் இருக்கின்றன. பிரம்பறுத்தவர்கள் இல்லை. மரபு முனிவர் பிறப்பைச் சேர்த்துக்கொண்டு ஆழ்வாரை ஏற்றது. அந்தப் பிறப்புக் கதை எதற்குத் தேவைப்பட்டது என்று கேட்டாலே பாதி விஷயம் விளங்கிவிடும்.

விஜயநகரக் காலக் கோயில் கல்வெட்டுகளைப் பார்த்தால் படையல் கணக்கு எவ்வளவு நுணுக்கமானது என்று தெரியும். அப்பப்படி, அதிரசப்படி, தோசைப்படி என்று தனித்தனிக் கட்டளைகள். எவ்வளவு அரிசி, எவ்வளவு உளுந்து, நெய், மிளகு என்று அளவு. நிவேதனம் முடிந்தபின் யார் யாருக்கு எத்தனை பங்கு என்பதும் வரும். கட்டளை வைத்தவருக்கு நாலில் ஒரு பங்கு, 'விட்டவன் விழுக்காடு'. நெய்யைக் கணக்கிட்ட கல், குடலையைக் கணக்கிடுவதில்லை. முடைந்தவருக்கு விழுக்காடு இல்லை. தீட்டின் தர்க்கம் இங்கே மிகச் சாமர்த்தியமாக வேலை செய்கிறது. குயவர் கைப்பட்ட புதுப்பானை சுத்தம், முடைபவர் கைப்பட்ட புதுக்கூடை சுத்தம். நீர் தெளித்து உள்ளே எடுத்துக்கொள்ளலாம். பொருள் கருவறைப் பக்கம் போகும். தீண்டாமைக்கு ஆளான சாதிகளைச் சேர்ந்தவர்கள் கோயிலுக்குள் நுழையச் சென்னை மாகாணம் முழுவதற்குமான சட்டம் வர 1947 ஆயிற்று.

5

முடைந்தவர்கள் யார்? தர்ஸ்டனின் தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் என்ற ஏழு தொகுதி நூல் 1909இல் வந்தது. அதில் மேதரர் பற்றிய பதிவு, சல்லடை, கூடை, தொட்டில், பாய், விசிறி, பெட்டி, தட்டி என்று அவர்கள் செய்த பொருள்களைப் பட்டியலிடுகிறது. தமிழ் வட்டாரங்களில் குறவர்களும், ஊருக்கூர் வேறுபட்டு பறையர் குடும்பங்களும் மூங்கில், ஈச்ச வேலை செய்தார்கள். காலனி ஆட்சி இவர்களை இரண்டு பக்கமும் நெருக்கியது. குறவர்களில் ஒரு பகுதியினர் உப்பும் தானியமும் சுமந்து ஊர் ஊராக விற்றவர்கள். கூடையும் முறமும் அந்த நடையோடு போனவை. உப்பு அரசின் ஏகபோகமாயிற்று, ரயில் வந்தது, சுமைவணிகம் சரிந்தது. அலைந்து திரிவதே குற்றம் என்றது 1871இன் குற்றப் பழங்குடிச் சட்டம். 1911இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. நேற்றுவரை கூடை விற்க ஊருக்குள் வந்தவன் இன்று காவல் நிலையத்தில் ரேகை பதிய வேண்டியவன் ஆனான். 1947இல் சென்னையில் அந்தச் சட்டம் போயிற்று, சந்தேகம் போகவில்லை.

இன்னொரு பக்கம் காடு. தாவரவியலில் மூங்கில் ஒரு புல், நெல்லின் உறவு. 1882இன் சென்னை வனச் சட்டத்துக்கும் 1927இன் இந்திய வனச் சட்டத்துக்கும் மூங்கில் மரம். மரமானால் வெட்ட அனுமதி, எடுத்துப்போகச் சீட்டு, இரண்டும் இல்லையென்றால் வழக்கு. 2006இன் வன உரிமைச் சட்டம் மூங்கிலைச் சிறு வன மகசூல் என்று சேர்த்தது. 2011இல் மகாராட்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்து மேண்டா லேகா கிராமசபை, தன் மூங்கிலைத் தானே விற்கும் உரிமையைப் போராடிப் பெற்றது. 2017இல்தான் மத்தியச் சட்டத்தின் மர வரையறையிலிருந்து மூங்கில் நீக்கப்பட்டது. அதன் பயன் பெரும்பாலும் காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலுக்கு. சொந்த நிலத்தில் தோப்பு வைக்க வசதியுள்ளவருக்கு அது நல்ல செய்தி. கூடை முடைபவருக்கு நிலம் எங்கே இருக்கிறது?

காகித ஆலைகள் வந்தபோது அதே அரசு எவ்வளவு தாராளமாக இருந்தது என்பதை மாதவ் காட்கில் எழுதியிருக்கிறார். கர்நாடகத்தின் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஆலைக்கு மூங்கில் டன் ஒன்றுக்கு ஒன்றரை ரூபாய் என்று கொடுக்கப்பட்டது. சந்தையில் அதன் விலை இதைப்போல் நூறு மடங்குக்கும் மேல். கூடை முடைந்தவர்கள் சந்தை விலைக்கு வாங்கிப் பிழைக்க வேண்டும். காடு தேய்ந்தபோது 'கூடைக்காரன் வெட்டித்தான் மூங்கில் அழிஞ்சுது' என்ற பேச்சும் எழுந்தது. நாம் இதழ் நடத்துகிறோம், காகிதத்தில் எழுதுகிறோம். அந்தக் காகிதத்துக்கு இப்படியும் ஒரு வரலாறு உண்டு என்பதை மறக்க முடியாது.

6

மேற்குப் புறநகரின் நவீன வரலாற்றிலும் ஆவி இருக்கிறது. 1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ், சோஷலிச மாதிரிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்டது. அதே ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை எழுந்து 1965இல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை. 250 தொழிலாளர்களுக்கு மேற்பட்ட ஆலைகளில் உணவகம் நடத்தச் செய்யும் ஏற்பாட்டை 1948இன் தொழிற்சாலைச் சட்டம் கொண்டுவந்திருந்தது. கேன்டீன் அடுக்களையில் கொதிகலன் ஆவி குழாய் வழியாக வந்து, தட்டுத் தட்டாக அடுக்கிய பெட்டிக்குள் நூற்றுக்கணக்கான இட்லிகளை ஒரே நேரத்தில் வேகவைத்தது. அடுக்கி வைத்து ஒரே ஆவியில் வேகவைக்கும் அந்தச் சீனக் கூடையின் யோசனைதான் இங்கே உலோகத்தில். கேன்டீன் இட்லியின் தரத்துக்கும் விலைக்கும் தொழிற்சங்கங்கள் சண்டை போட்டன. நிரந்தரத் தொழிலாளிக்கு மானிய விலை, காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு வேறு கணக்கு என்ற பிரிவினையும் இட்லித் தட்டில் தெரிந்தது. 2013இல் சென்னை மாநகராட்சி அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய்க்கு இட்லி கொடுத்தபோது, அதை அவித்தவர்கள் சுயஉதவிக் குழுப் பெண்கள். மலிவு ஆவிக்குப் பின்னால் மலிவு உழைப்பு.

வடக்கே சற்றுத் தள்ளிச் செங்குன்றம். தமிழகத்தின் பெரிய அரிசி ஆலை மையங்களில் ஒன்று. புழுங்கல் அரிசி என்றாலே நெல்லை ஊறவைத்து ஆவி காட்டுவதுதான். அச்சயாவின் கேள்விக்கு நாடே நாள்தோறும் நெல் அவித்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. அந்தப் பதிலின் விலை என்ன? நெல்லை அவித்துக் களத்தில் காயவைக்கும் வேலையில் முன்பணத்துக்கு அடகுவைக்கப்பட்ட இருளர் குடும்பங்கள், இந்த வட்டாரத்து ஆலைகளிலிருந்து கொத்தடிமைகளாக மீட்கப்பட்ட செய்திகள் 2000க்குப் பிறகும் வந்தன. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976இல்.

இன்று மாலையில் அம்பத்தூர், ஆவடி சாலையோரங்களில் மோமோ வண்டிகள் நிற்கின்றன. அலுமினிய அடுக்குகள், புகையும் ஆவி. நிற்கிற பையன்களில் பலர் வடகிழக்கிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்தவர்கள். முகத்தைப் பார்த்து 'சைனாக்காரன்' என்று கூப்பிடுகிறோம். சீன வம்சாவளியினர் சுமார் 3000 பேரை 1962 போரின்போது பிடித்து இராஜஸ்தானின் தேவுலி முகாமில் அடைத்த நாடு இது. பலர் குற்றம் எதுவும் சாட்டப்படாமல் ஆண்டுக்கணக்கில் உள்ளே கிடந்தார்கள். நூடுல்ஸ் வெளியே இருந்தது. பண்டத்தை உள்ளே எடுத்துக்கொண்டு ஆளை வெளியே நிறுத்தும் பழக்கம் மடைப்பள்ளியோடு முடிந்துவிடவில்லை.

நகரத்தின் உயர்தர உணவகங்களில் சீன மூங்கில் கூடையில் பண்டம் மேசைக்கு வருகிறது. அந்தக் கூடைகள் இணையக் கடைகளில் இறக்குமதியாகக் கிடைக்கின்றன. பூந்தமல்லி சாலையில் மூங்கில் வேலை தெரிந்தவர்கள் ஏணியும் தட்டியும் சாரக்கழியும் விற்றுக்கொண்டிருக்கிறார்கள். இவர்களிடம் போய் ஆவிக்கூடை முடையச் சொல்வதுதான் தீர்வு என்று எளிதாகச் சொல்லிவிடலாம். கைவினைக் கண்காட்சிகள் அதைத்தான் சொல்கின்றன. மூங்கில் கிடைக்கும் விலை, உட்கார்ந்து முடைய ஓர் இடம், பிள்ளைகளுக்குச் சாதிச் சான்றிதழ், சாலை அகலமாகும்போது இடிக்கப்படாத குடிசை ஆகியவை இல்லாமல் கண்காட்சி எத்தனை நடத்தினாலும் ஒன்றும் ஆகப்போவதில்லை.

இட்லி எங்கிருந்து வந்தது என்ற ஆராய்ச்சியை யாரும் நிறுத்த வேண்டாம். அது கன்னடத்திலிருந்து வந்திருக்கலாம், கடல் கடந்தும் வந்திருக்கலாம், வந்தால் குறைவொன்றும் இல்லை. அதோடு தேட வேண்டியவை வேறு சில இருக்கின்றன. கோயில் நிர்வாகங்களின் கொள்முதல் ஏடுகளில் குடலை வாங்கிய கணக்கு இருக்க வேண்டும். வனத்துறைக் கிடங்கின் ஏலப் பதிவேடுகளில் மூங்கில் யாருக்கு என்ன விலைக்குப் போனது என்று இருக்கும். தொழிற்சங்கங்களின் கேன்டீன் கமிட்டிக் குறிப்புகள் பழைய அலமாரிகளில் கிடக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, முடையத் தெரிந்த வயதானவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எந்த மூங்கிலை எந்த மாதம் வெட்டினால் பூச்சி விழாது, பிளாச்சை எத்தனை நாள் ஊறப்போட வேண்டும், ஆவிக்கூடைக்குக் கண் எவ்வளவு விட வேண்டும் என்பது அவர்கள் கையில் இருக்கிறது. இந்தப் பகுதியில் வேலை செய்யும் நண்பர்கள் அவர்களிடம் போய் உட்கார்ந்து, பெயரோடும் ஊரோடும், அவர்கள் சம்மதத்தோடும் எழுதி வைக்க வேண்டும். ஏட்டில் இல்லை என்பதால் கிடையாது என்று அடுத்த முறை யாரும் எழுதக் கூடாது.